லேடி பேர்ட் ஜான்சன் தோப்பு: ஒன்றரை மைல் ரெட்வுட் சுற்றுப்பாதையை அமைதியாக நடக்க முழுமையான வழிகாட்டி

வடக்கு கலிஃபோர்னியாவில், ரெட்வுட் என்ற மிக உயரமான மரங்களுக்குப் பேர்போன ரெட்வுட் தேசியப் பூங்காவின் தென்பகுதியில் இருக்கிறது இந்தப் பாதை. முன்னாள் அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சனின் மனைவி பெயரைத் தாங்கிய தோப்பு இது. நீளம் ஒன்றரை மைல், சுமார் 2.4 கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,200 அடி உயரத்தில் ஒரு மலைமுகட்டின் மேலேயே போவதால் பெரிய ஏற்ற இறக்கம் கிடையாது. நடப்பதற்கு வழிகாட்டி தேவையே இல்லை.

புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது நடையில் அல்ல. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவற்றை வரிசை மாற்றிச் செய்வதில்தான். பலமணி நேரம் கார் ஓட்டி வந்து, நண்பகலில் வண்டி நிறுத்த இடமில்லாமல் திரும்புகிறார்கள். இடம் கிடைத்தவர்களும் அரைமணியில் சுற்றி முடித்து, “எல்லா மரமும் ஒரே மாதிரிதானே இருக்கு” என்று சொல்லிக்கொண்டே அடுத்த இடத்துக்குக் கிளம்புகிறார்கள். கீழே உள்ள வரிசை இந்த இரண்டையும் தவிர்ப்பதற்கு.

1. எந்தக் காட்டுக்குப் போகிறீர்கள் என்று முதலில் உறுதி செய்யுங்கள்

மூன்று பெயர்கள் குழப்புகின்றன. ‘செக்கோயா தேசியப் பூங்கா’ கடலோரத்தை விட்டு வெகு உள்ளே, சியரா நெவாடா மலையில் இருக்கிறது; அங்கிருப்பது வேறு இன மரம், உயரத்தைவிடப் பருமனில் பெரியது. ‘மியூர் வுட்ஸ்’ சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய ரெட்வுட் காடு; அங்கே வண்டி நிறுத்த முன்பதிவு கட்டாயம். நாம் பேசுவது சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து வடக்கே 300 மைலுக்கு மேல், ஓரிக் என்ற சின்ன ஊரை ஒட்டிய காடு.

மேப்பில் வெறுமனே ‘ரெட்வுட் நேஷனல் பார்க்’ என்று தட்டாதீர்கள். இந்தப் பூங்கா 101 நெடுஞ்சாலையை ஒட்டி ஐம்பது மைல் நீளத்துக்குத் துண்டு துண்டாகப் பரவிக் கிடக்கிறது. மையப்புள்ளி என்று ஏதோ ஓரிடத்தைப் பிடித்துக்கொண்டு ஆப் உங்களை எங்கேயோ கொண்டுபோய் நிறுத்தும். ‘லேடி பேர்ட் ஜான்சன் குரோவ் டிரெயில்’ என்று முழுப்பெயரையும் கொடுங்கள்.

பெயரில் இன்னொரு பொறியும் உண்டு. அதே சாலையில் மேலே போனால் ‘டால் ட்ரீஸ் குரோவ்’ வரும். அதற்கு முன்அனுமதி வேண்டும், பூட்டிய கேட் இருக்கிறது, செங்குத்தாக இறங்கி மறுபடி ஏறவும் வேண்டும். லேடி பேர்ட் தோப்புக்கு அனுமதியும் இல்லை, நுழைவுக் கட்டணமும் இல்லை. பெயரை மாற்றிப் படித்துவிட்டு வயதான அப்பா அம்மாவை டால் ட்ரீஸுக்குக் கூட்டிப் போனால் திரும்பி ஏறும்போதுதான் விஷயம் புரியும்.

2. முந்தைய இரவு பக்கத்தில் தங்குங்கள்

சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து ஓரிக் வர நிறுத்தாமல் ஓட்டினாலே ஆறு மணி நேரம் ஆகும். சான் ஹோசே, ஃப்ரீமான்ட் பக்கத்திலிருந்து கிளம்பும் நம்மவர்கள் இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளலாம். அதிகாலையில் கிளம்பி அன்றே நடந்துவிடலாம் என்று திட்டமிட்டால் வந்துசேர்வது பிற்பகல். காட்டில் கூட்டம் உச்சத்தில் இருக்கும் நேரம் அது.

தெற்கே யுரேகா, ஆர்க்கேட்டா, டிரினிடாட், வடக்கே கிளாமத், கிரசென்ட் சிட்டி ஆகிய ஊர்களில் தங்கலாம். இந்தப் பாதைக்காகவே வருகிறீர்கள் என்றால் டிரினிடாட் அல்லது ஆர்க்கேட்டா என் தேர்வு. கிரசென்ட் சிட்டியிலிருந்து வந்தால் ‘லாஸ்ட் சான்ஸ் கிரேட்’ என்ற இடத்தைத் தாண்டியாக வேண்டும். அங்கே மலைச்சரிவு கடலை நோக்கி நகர்ந்துகொண்டே இருப்பதால், சாலையைப் பழுதுபார்க்க வண்டிகளை நிறுத்திவைப்பது வழக்கம். காலையில் சீக்கிரம் போக வேண்டும் என்கிற கணக்கே அதில் கெட்டுவிடும்.

பெட்ரோலைத் தங்கும் ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். ஓரிக்கை நம்பி வர வேண்டாம். மேப்பையும் அங்கேயே வைஃபையில் இறக்கி வைத்துவிடுங்கள். 101 சாலையிலேயே பல இடங்களில் சிக்னல் போய்விடும். மலைக்கு மேலே சுத்தமாக எதிர்பார்க்காதீர்கள்.

3. மாதத்தைவிட மணிதான் முக்கியம்

எந்த மாதம் போகலாம் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். மாதம் அவ்வளவு பெரிய வித்தியாசம் செய்வதில்லை. கடலோரம் என்பதால் வருடம் முழுக்கக் குளிர்ச்சி. கோடையிலும் ஸ்வெட்டர் தேவைப்படும். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம். மே கடைசி, ஜூன் வாக்கில் ரோடோடென்ட்ரான் புதர்கள் இளஞ்சிவப்பாகப் பூக்கும். பூவோடு சேர்ந்து முக்காலி தூக்கிய புகைப்படக்காரர்களும் வருவார்கள்.

உண்மையில் மணிதான் எல்லாவற்றையும் மாற்றுகிறது. நிறுத்துமிடம் சிறியது. கோடையில் காலை பத்து மணிக்கு மேல் நிரம்ப ஆரம்பித்து, நான்கு மணிக்குப் பிறகுதான் மெல்லக் குறையும். காலை ஏழிலிருந்து எட்டரைக்குள் வந்துவிடுங்கள். இடம் கிடைக்கும், அதைவிட, மூடுபனி அப்போதுதான் முகட்டின் மேல் உட்கார்ந்திருக்கும்.

“வெயில் வந்ததும் போகலாம்” என்று விடுதியில் காபி குடித்துக்கொண்டு காத்திருப்பவர்களைப் பார்க்கிறேன். இது தலைகீழான யோசனை. வெயில் ஏறினால் மரக்கூரையின் இடுக்கு வழியே வெளிச்சம் திட்டுத்திட்டாக விழும்; ஒரு பக்கம் கண் கூசும், மறுபக்கம் இருட்டாகத் தெரியும். மூடுபனியில் வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் பரவி, மரப்பட்டையின் நிறமும் பாசியின் பச்சையும் தெளிவாகத் தெரியும். படம் எடுப்பவர்களுக்கும் இதுதான் நல்லது.

பலத்த காற்று வீசும் நாளில் மட்டும் போகாதீர்கள். முதிர்ந்த காட்டில் உச்சியில் முறிந்து தொங்கும் கிளைகள் எப்போதும் இருக்கும். அந்த உயரத்திலிருந்து விழும் கிளை உயிரை எடுக்கும். மழை பெய்தால் போகலாம், புயல் எச்சரிக்கை என்றால் கூடாது.

4. உடுத்த வேண்டியது, எடுத்துப்போக வேண்டியது

மழை பெய்யாவிட்டாலும் மழைக்கோட்டு வேண்டும். மூடுபனி ஊசியிலைகளில் படிந்து துளியாகித் திரண்டு கீழே சொட்டும். வானிலை அறிக்கை ‘மழையில்லை’ என்று சொல்லும் காலையில் காட்டுக்குள் மட்டும் தூறிக்கொண்டிருக்கும். கோடையில் ரெட்வுட் மரங்கள் தாகம் தீர்த்துக்கொள்வதில் இந்தச் சொட்டுக்கும் பெரிய பங்கு உண்டு. பருத்திச் சட்டை நனைந்தால் லேசில் காயாது, அதன் மேல் குளிரும் சேரும். அதனால் உள்ளே கம்பளியோ பாலியெஸ்டரோ, மேலே தண்ணீர் புகாத கோட்டு.

மலையேறும் பூட்ஸ் தேவையில்லை. பாதை கெட்டித்த மண்ணும் சரளையும்தான். ஆனால் அடிப்பாகம் வழுக்காத ஷூ வேண்டும். செருப்போடு வருகிறவர்கள் பாதை தொடங்கும் ஈரமான மரப்பாலத்திலேயே தடுமாறுகிறார்கள்.

தண்ணீர் கையில் இருக்கட்டும். வழியில் குழாய் கிடையாது. பெரிய முதுகுப்பையும் உணவும் வேண்டாம். காரணம் ஆறாவது பகுதியில் வருகிறது.

நாயைக் கூட்டி வராதீர்கள். இந்தப் பாதையில் அனுமதியில்லை. டிரோனுக்கும் தடை உண்டு.

5. ஓரிக்கிலிருந்து மேலே ஏறுவது

ஓரிக்கைத் தாண்டி 101இல் வடக்கே ஒரு மைல் போனால் வலதுபுறம் ‘பால்ட் ஹில்ஸ் சாலை’ பிரியும். அதில் இரண்டரை மைலுக்குச் சற்று அதிகம். சாலைக்கு மேலே குறுக்காக ஒரு மர நடைபாலம் தெரியும். அதுதான் அடையாளம், நிறுத்துமிடம் அதை ஒட்டியே இருக்கிறது. பாலத்தைக் கவனிக்காமல் ஓட்டிக்கொண்டே போனால் சாலை இன்னும் பல மைல் ஏறிக்கொண்டே போகும்.

ஏற்றம் 15 சதவீதம் வரை போகும், வளைவுகளும் உண்டு. உள்ளேயே தங்கும் வசதியுள்ள வீட்டு வண்டிக்கும் (ஆர்.வி.) இழுவை வண்டிக்கும் இந்தச் சாலை ஏற்றதல்ல என்று பூங்காவே சொல்கிறது. வாடகைக்கு ஆர்.வி. எடுத்து வருகிறவர்கள் இதைக் கடைசி நிமிடத்தில்தான் கவனிக்கிறார்கள். அப்படி வந்துவிட்டால் இந்தத் தோப்பை விட்டுவிட்டு, சற்று வடக்கே பிரெய்ரி கிரீக்கில் ‘நியூட்டன் பி. ட்ரூரி’ சாலைக்குப் போங்கள். முதிர்ந்த ரெட்வுட் காட்டின் நடுவே போகும் தார்ச்சாலை அது. வழியிலேயே குறுகிய நடைபாதைகள் இருக்கின்றன. மேலே நிறுத்த இடம் கிடைக்காதவர்களுக்கும் இதே மாற்றுவழிதான். சாலையோரத்தில் அரைகுறையாக நிறுத்திவிட்டு நடக்கப் போகாதீர்கள். வளைவில் வரும் வண்டிக்கு உங்கள் கார் தெரியாது.

6. காரை விட்டு இறங்கிய முதல் பத்து நிமிடம்

நடை நன்றாக அமைவதும் கெடுவதும் இங்கேதான். செய்ய வேண்டியது நான்கு. கழிப்பறைக்குப் போய்விட்டு வாருங்கள். பாதையில் வேறு கழிப்பறை இல்லை. விலையுள்ள பொருட்களைக் கண்ணில் படாதபடி உள்ளே வைத்துக் காரைப் பூட்டுங்கள். போனை அமைதியாக்குங்கள். அப்புறம், சாப்பிடுவதாக இருந்தால் காருக்குள்ளேயே சாப்பிட்டு முடியுங்கள்.

கடைசி விஷயத்துக்குத்தான் விளக்கம் தேவைப்படுகிறது. புளியோதரையும் சிப்ஸ் பாக்கெட்டுமாகக் காட்டுக்குள் போய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவது நமக்கு இயல்பான ஆசை. இங்கே அது ஒரு பறவையின் முட்டையைக் காவு வாங்கும். மார்பிள்ட் மர்ரலெட் என்ற கடல்பறவை பகலெல்லாம் கடலில் மீன் பிடித்துவிட்டு, முட்டையிட மட்டும் இந்த மாதிரி முதிர்ந்த மரங்களைத் தேடி நிலப்பகுதிக்குள் வருகிறது. கூடு கட்டுவதில்லை. உச்சியில் பாசி படர்ந்த பெரிய கிளையில், ஒரே ஒரு முட்டை. அமெரிக்க அரசு 1992இல் இதை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாகப் பட்டியலிட்டது.

சிந்திய சோற்றுப்பருக்கை ஸ்டெல்லர்ஸ் ஜே என்ற நீலப்பறவையையும் காக்கை இனங்களையும் இழுக்கிறது. வந்தவை அங்கேயே சுற்றிக்கொண்டிருந்து, மர்ரலெட்டின் முட்டையையும் குஞ்சையும் கண்டுபிடித்துத் தின்கின்றன. அதனால்தான் ஒரு துணுக்குகூடச் சிந்தக்கூடாது என்று பூங்கா வலியுறுத்துகிறது. சாப்பாட்டுக் கூடையோடு உட்காரக் கீழே ஓரிக்குக்குத் தெற்கே கடற்கரை இருக்கிறது, அங்கே போகலாம்.

7. பாலமும் அதற்குப் பின் வரும் பிரிவும்

பாதை பாலத்தில் தொடங்குகிறது. ஈரமாக இருந்தால் மெதுவாகக் கடந்து போங்கள். பாலத்தின் நடுவில் நின்று படம் எடுக்க எல்லாரும் விரும்புவார்கள், வரும்போது எடுத்துக்கொள்ளலாம். போகும்போது நின்றால் பின்னால் வருகிற கூட்டம் உங்களோடு சேர்ந்துவிடும்.

ஆரம்பத்தில் கீழே சாலையில் போகும் வண்டிச் சத்தம் கேட்கத்தான் செய்யும். ‘இதுதானா அமைதி?’ என்று சலித்துக்கொள்ள வேண்டாம், போகப்போக அடங்கிவிடும்.

பிறகு பாதை இரண்டாகப் பிரிந்து சுற்றாகிறது. முன்னால் ஒரு குழு போனால், கூட்டத்தைத் தவிர்ப்பதாக நினைத்துப் பெரும்பாலானவர்கள் எதிர்த்திசையில் போகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: எதிர்த்திசையில் போனால் அந்தப் பக்கமாகச் சுற்றிவரும் ஒவ்வொருவரையும் ஒரு முறை நேருக்கு நேர் சந்தித்தே தீர வேண்டும். அவர்கள் போன திசையிலேயே, பத்து நிமிடம் பொறுத்துப் போனால் அவர்களைப் பார்க்கவே மாட்டீர்கள். அதனால் பிரிவில் நின்று முன்னால் போகிறவர்கள் கண்ணுக்கும் காதுக்கும் மறையும் வரை காத்திருங்கள். பின்னால் அவசரமாக யாராவது வந்தால் வழிவிட்டு அனுப்பிவிடுங்கள்.

இரண்டு திசையும் ஒரே இடத்துக்குத்தான் வந்துசேரும். வழியில் 1969இல் இந்தத் தோப்புக்குப் பெயர் சூட்டிய நினைவுப் பலகை இருக்கிறது. அதைப் பார்த்ததும் ‘முடிந்தது’ என்று வந்த வழியே திரும்புகிறவர்கள் உண்டு. சுற்றை முடியுங்கள், வந்த வழியில் திரும்பினால் மிச்சத்தைத் தவறவிடுவதோடு, பின்னால் வருகிற எல்லாரோடும் முட்டிக்கொள்ள வேண்டும்.

8. வேகமும் பார்வையின் வரிசையும்

ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். வேகமாக நடந்தால் நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும், மனதில் எதுவும் நிற்காது.

வந்ததும் எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். உச்சி மூடுபனிக்குள் இருக்கும், கழுத்துதான் வலிக்கும். இரண்டு மரம் அப்படிப் பார்த்ததும் அலுத்துவிடும். வரிசையை மாற்றுங்கள்: முதலில் தரை, அப்புறம் பட்டை, கடைசியில் உச்சி.

தரையில் முழங்கால் உயர வாள்பெரணிகளுக்கு நடுவே மூன்று இதய வடிவச் சிற்றிலைகள் சேர்ந்த செடி தென்படும். ரெட்வுட் சாரல் என்று பெயர். நம் வயலோரப் புளியாரைக்கு நெருங்கிய உறவு. நேர்வெயில் பட்டால் சில நிமிடங்களில் இலையைக் குடை மடக்குவதுபோல் மடித்துக்கொள்ளும், நிழல் வந்தால் மறுபடி விரிக்கும். ஒரு வெயில்திட்டு நகர்வதைக் கவனித்துக்கொண்டு நின்றால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஈரமான நாளில் மஞ்சள் நிறத்தில் விரல் நீளத்துக்கு மேல் இருக்கும் பனானா ஸ்லக் என்ற ஓடில்லாத நத்தை பாதையைக் கடக்கும். குழந்தைகள் அதைத் தூக்கப் பார்ப்பார்கள், விடாதீர்கள்.

கீழே விழுந்திருக்கும் ஊசியிலைச் சிறுகிளைகளை ஒப்பிட்டுப் பாருங்கள். சிலவற்றில் இலைகள் தட்டையாக இரு பக்கமும் விரிந்திருக்கும். அவை மரத்தின் கீழ்க்கிளையைச் சேர்ந்தவை. சிலவற்றில் குட்டையாக, தண்டோடு ஒட்டிச் செதில் மாதிரி இருக்கும்; அவை வெயிலும் காற்றும் படும் உச்சியிலிருந்து விழுந்தவை. அண்ணாந்தும் தெரியாத உச்சி காலடியில் கிடக்கிறது.

அடுத்தது பட்டை. எல்லா மரமும் ரெட்வுட் அல்ல. நார்நாராக, செம்பழுப்பாக, நீளவாக்கில் வரிகள் ஓடினால் ரெட்வுட். தடித்த தக்கைபோல் ஆழமான பிளவுகளோடு சாம்பல்பழுப்பாக இருந்தால் பெரும்பாலும் டக்ளஸ் ஃபர். அதன் கூம்பில் ஒவ்வொரு செதிலுக்கும் அடியில் மூன்று முனையுள்ள நாக்கு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். உச்சிக்கொழுந்து வளைந்து தொங்கினால் வெஸ்டர்ன் ஹெம்லாக். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்ததுமே ‘எல்லாம் ஒரே மாதிரி’ என்ற பேச்சு நின்றுவிடும்.

ரெட்வுட் பட்டை முப்பது சென்டிமீட்டர் தடிமன் வரை போகும். அதனால்தான் பல காட்டுத்தீக்களைத் தாண்டி நிற்கிறது. அடிமரம் கருகிக் குகைபோல் குடைந்திருந்தாலும் மேலே பச்சை இருக்கும். உயிருள்ள பகுதி பட்டைக்கு அடியில் வெளிப்புறமாக ஓடுவதால் நடுவில் குழிவிழுந்தாலும் மரம் சாவதில்லை.

விழுந்த மரங்களைக் கண்டுகொள்ளாமல் கடந்துபோய்விடாதீர்கள். அவற்றின் முதுகில் ஹெம்லாக் கன்றுகளும் ஹக்கிள்பெர்ரி புதர்களும் வரிசையாக முளைத்திருக்கும். விழுந்த ரெட்வுட் மக்கிப்போகவே நூற்றாண்டுகள் ஆகலாம். வெட்டப்படாத காட்டை, வெட்டி மறுபடி வளர்ந்த காட்டிலிருந்து பிரித்துக்காட்டும் அடையாளமும் இதுதான்: பல வயது மரங்கள், நின்றபடி செத்தவை, விழுந்தவை எல்லாம் கலந்து கிடக்கும். மறுபடி வளர்ந்த காட்டில் ஒரே பருமனுள்ள மரங்கள் நெருக்கமாக நிற்கும்.

உச்சியைக் கடைசியாகப் பாருங்கள். அதற்கு மரத்தடிக்குப் போகாமல் தள்ளி நின்று பார்த்தால்தான் முழுமையாகத் தெரியும்.

“உலகத்திலேயே உயரமான மரம் எது?” என்ற கேள்வி தவறாமல் வரும். இந்தத் தோப்பில் இல்லை. ஹைப்பீரியன் என்ற அந்த மரம், சுமார் 116 மீட்டர், இதே பூங்காவின் வேறொரு மூலையில் பாதையில்லாத காட்டுக்குள் நிற்கிறது. தேடிப்போனவர்கள் மிதித்து வேரும் பெரணியும் நாசமானதால் 2022இல் அந்தப் பகுதியையே மூடிவிட்டார்கள். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, 5,000 டாலர் வரை அபராதம். தேடாதீர்கள்.

9. பாதையை விட்டு இறங்காதீர்கள்

மரத்தைக் கட்டிப்பிடித்துப் படம் எடுக்க இரண்டடி உள்ளே போனால் என்ன என்று தோன்றும். இவ்வளவு பெரிய மரத்துக்கு ஆணிவேர் கிடையாது. வேர்கள் சில மீட்டர் ஆழம்தான் இறங்கும், பக்கவாட்டில்தான் வெகுதூரம் பரவும். மேல்மண் மிதிபட்டு இறுகினால் தண்ணீரும் காற்றும் வேருக்குப் போகாது. ஒருவர் போட்ட தடத்தில் அடுத்தவர் போவார். ஒரே கோடையில் அது புதுப்பாதையாகிவிடும். பாதையோரத்திலேயே கைக்கெட்டும் மரங்கள் இருக்கின்றன, அவை போதும்.

மரம் விழுந்து பாதையை மறித்திருந்தால் சுற்றிப்போக வழி தேடாமல் திரும்பிவிடுங்கள். கூம்பு, பட்டைத்துண்டு எதையும் பையில் போடாதீர்கள். தேசியப் பூங்காவில் அது சட்டப்படி குற்றம்.

10. பெரியவர்களும் குழந்தைகளும் கூட வந்தால்

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவோடு நடக்க இது பொருத்தமான பாதை. ஆனால் குளிரைக் குறைத்து எடைபோடாதீர்கள். காதை மூடும் குல்லாவும், சேலைக்குள் தடித்த காலுறையும் இருந்தால் நின்று பார்ப்பார்கள், இல்லையென்றால் காருக்குத் திரும்புவதிலேயே குறியாக இருப்பார்கள். அவர்கள் முன்னால் நடக்கட்டும். பின்னால் நடப்பவர் வேகத்தைப் பிடிக்கத் தவித்துக்கொண்டே வருவார்.

குழந்தைகளிடம் “சத்தம் போடாதே” என்று சொல்லிப் பயனில்லை. ஒரு வேலை கொடுங்கள்: ரெட்வுட் கூம்பைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கூம்பு ஒரு அங்குலம்தான், விதையோ தக்காளி விதை அளவு. கண்டுபிடித்ததும் எடுத்த இடத்திலேயே வைக்கச் சொல்லுங்கள்.

11. கிளம்பும்போது

காரில் ஏறுமுன் கால்சட்டை, காலுறை ஓரங்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஷூவின் மண்ணைத் தட்டிவிடுங்கள். மரங்களைத் தாக்கும் பூஞ்சை போன்ற கிருமிகளும் களைவிதைகளும் அந்த மண்ணோடுதான் அடுத்த காட்டுக்குப் போகின்றன.

இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல், கியரைக் குறைத்து இறங்குங்கள், இல்லையென்றால் பிரேக் சூடேறிவிடும். கீழே ஓரிக்கைச் சுற்றிய புல்வெளிகளில் ரூஸ்வெல்ட் எல்க் மான்கள் மேயும், சில சமயம் 101இன் நடுவிலேயே நிற்கும். குறைந்தது 75 அடி தள்ளியே நில்லுங்கள். செப்டம்பர், அக்டோபரில் இனச்சேர்க்கைக் காலம் என்பதால் ஆண்மான்கள் மூர்க்கமாக இருக்கும். அப்போது காருக்குள்ளிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.